பின் சில்லுக்கு இன்னும் ஐந்து

“டீச்சர், குறை விளங்காதீங்க. நீங்க எத்தின கிலோ?”

ஸுலைஹா என்னிடம் போனில் முதன்முதலாகப் பேசிய வார்த்தை இதுதான். நான் அப்போது கண்டி ஆஸ்பத்திரியில், முதுகுக்குள் இரண்டு உலோகத் தண்டுகளும் ஆறு ஆணிகளுமாக மல்லாந்து கிடந்தேன். மருதமுனையில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி வழிகிறதென்று பார்க்க ஏணியில் ஏறியவள், மேல் படியிலிருந்து சறுக்கி முற்றத்துச் சீமெந்தில் விழுந்து இடுப்புக்கு மேலே நாரி எலும்பை நொறுக்கிக்கொண்டேன். சத்திரசிகிச்சை நடந்து பதினெட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர். ஆனால் படுத்தபடியேதான் போக வேண்டும், குலுக்கல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று மூன்று தரம் சொன்னார். கண்டியிலிருந்து எங்கள் ஊருக்கு இருநூறு கிலோமீட்டர் வரும். பதினெட்டு வளைவு இறக்கம், பிறகு காடு, பிறகு வயல்.

என் கணவர் அப்துல் ஸமட் மருதமுனையில் கைத்தறிச் சாறன் கடை வைத்திருக்கிறார். அவர் நாலைந்து பேருக்கு போன் பண்ணிப் பார்த்துவிட்டு, “சாய்ந்தமருதுல ஒரு பொம்புள வேன் ஓட்டுறாவாம். ஆஸ்பத்திரி ஓட்டம்தான் கூடவாம். ஆனா இம்புட்டுத் தூரம்...” என்று இழுத்தார். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கட்டும் பட்டியுமாக, தலைத்துணியைக்கூடச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியாமல் ஆறு மணித்தியாலம் கிடக்கப் போகிறவளுக்கு ஒரு பெண் ஓட்டினால் எவ்வளவு ஆறுதல். “அவவையே கூப்பிடுங்க” என்றேன். அப்படித்தான் அந்தக் கேள்வி வந்தது.

“அறுவத்தெட்டு. இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கும்” என்றேன்.

“காக்கா எத்தின கிலோ?”

எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். நான் என் கணவரிடம் கேட்டேன். “எழுவத்தாறு. எதுக்காம்?” என்றார் அவர், முகத்தைச் சுழித்துக்கொண்டு.

“சாமான் என்ன இரிக்கி?”

“ரெண்டு பேக், ஒரு வோக்கர்.”

“வேற ஆரையாவது ஏத்துறண்டா முன்னுக்கே சொல்லிடுங்க டீச்சர். அதுக்கேத்தமாதிரித்தான் சில்லுக்குக் காத்து வைக்கணும்.”

போனை வைத்ததும் இவர், “கோழிக் கடையில தராசுல போடுற மாதிரிக் கேக்கிறா” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். சிரித்தால் எனக்கு நாரி வலிக்கும். சிரிக்காமல் இருக்க ஒரு சலவாத்தை ஓதினேன்.

நாங்கள் புறப்பட்டது ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. ஸுலைஹா காலை ஆறு மணிக்கே வந்து ஆஸ்பத்திரி வளவில் ஒரு மரநிழலில் வேனை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போகத் துண்டு எழுதி முடிந்து என்னைத் தள்ளுகட்டிலில் கீழே கொண்டுவரப் பத்து மணியானது. தலையைப் பக்கவாட்டில் திருப்பினபோதுதான் அவளை முதலில் கண்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். கறுப்பு அபாயாவின் கையை முழங்கை வரை மடித்து விட்டு, பின் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தாள். ‘ஸ்ஸ்’ என்று காற்று போகிற சத்தம் கேட்டது.

“தங்கச்சி, ஏன் காத்தத் திறந்து விடுறீங்க? தூரப் பயணமெல்லே?” என்று என் கணவர் பதறினார்.

அவள் எழும்பாமலே பதில் சொன்னாள். “நேத்து அக்குறணைக் கலியாணத்துக்குப் பன்னெண்டு பேர் வந்தாங்க காக்கா. அவங்கட பாரத்துக்குப் பின் சில்லுக்கு நாப்பத்தஞ்சு அடிச்சிருந்தன். இண்டைக்கு நாம மூணே மூணு பேர். நாப்பத்தஞ்சோட போனா சில்லு கல்லு மாதிரித் துள்ளும். துள்ளுற துள்ளெல்லாம் டீச்சரிட முதுகுலதான் விழும்.”

“அப்ப நல்லாக் குறைச்சி விடுங்களன். மெத்தை மாதிரிப் போகும்.”

“முப்பத்தஞ்சுக்குக் கீழ போகமாட்டன்.” எழுந்து வந்து ஓட்டுநர் கதவைத் திறந்து, உட்பக்கம் ஒட்டியிருந்த மங்கிய ஸ்டிக்கரைக் காட்டினாள். “பாருங்க. ஆள் குறைஞ்சா இது, நிறைஞ்சா இது. வண்டி செஞ்சவங்களே எழுதி வெச்சிரிக்காங்க. இதுக்குக் கீழ இறக்கினா டயரிட பக்கம் மடிஞ்சு மடிஞ்சு சூடாகும். இண்டைக்கு வெயில் நாள். சூடு கூடினா வெடிக்கும்.”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த காற்றளக்கும் கேஜை மறுபடி வைத்து அளந்தாள். நாலு சில்லும் பார்த்தாள். ஐந்தாவதாக, பின்னால் கிடந்த ஸ்பெயார் சில்லையும் பார்த்தாள். நான் பதினேழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த வசனம் என் முள்ளந்தண்டுக்காக ஒரு மரத்தடியில் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேனின் நடுச்சீட்டுகளைக் கழற்றி, அந்த ஆட்களைத் திரும்பக் கூட்டிவரும்போது எடுக்கலாமென்று அவள் கலியாண வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு ஒட்டுப்பலகை, அதற்கு மேல் தடித்த மெத்தை. ஆஸ்பத்திரி ஆட்கள் என்னைப் பின்பக்கமாகத் தள்ளப் போனபோது மறித்தாள். “இன்னும் முன்னுக்குக் கொண்டு வாங்க. பின் சில்லுக்கு நேர மேல படுத்தா ஒவ்வொரு குழியும் நேர நாரியிலதான் அடிக்கும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவுல இரிக்கணும்.” ஒரு முழம் அளவு என்னை நகர்த்தினார்கள். பெல்ட் இரண்டு போட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லி வேனை எடுத்தாள்.

படுத்திருக்கிறவளுக்கு ரோட்டில் என்ன வருகிறதென்று தெரியாது. யன்னலின் மேல்பாதியில் மின்கம்பிகளும் மரத்தலைகளும் மட்டும்தான் ஓடின. அதனால் அவளே எனக்குக் கண்ணாக இருந்தாள். “டீச்சர், சின்னப் பாலம் வருது.” “டீச்சர், இடப்பக்கம் வளையப் போறன்.” “ரோட்டு ஒட்டுப் போட்ட இடம், ஒரு நிமிசம் பொறுங்க.” உன்னஸ்கிரிய தாண்டிப் பதினெட்டு வளைவில் இறங்கியபோது ஒவ்வொரு வளைவையும் எண்ணிச் சொன்னாள். ஒரு தரம்கூடத் திடீரென்று பிரேக் அடிக்கவில்லை. கட்டிலில் ஒரு பக்கம் திரும்பிப் படுத்தாலே உயிர் போகிற வலி எனக்கு. அந்த மலையை நான் கத்தாமல் இறங்கினேன். கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது வளைவுக்குப் பிறகு அவரும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மஹியங்கனையில் ளுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தினோம். அவள் சாப்பிடுவதற்கு முன் நாலு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கேஜை வைத்தாள். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“முப்பத்தொம்பது காட்டுதே! கூடிப் போயிட்டு. நாலைக் குறைங்க தங்கச்சி.”

“இல்ல காக்கா. ஓடின சூட்டுல ஏறினது. ஆறினா பழையபடி முப்பத்தஞ்சுக்கு வந்திடும். இப்ப குறைச்சா ஆறினதுக்குப் பிறகு முப்பத்தொண்டுலதான் நிக்கும். அது ஆபத்து.”

“இதெல்லாம் எங்க படிச்ச நீங்க?” என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

அவள் சோற்றுப் பார்சலோடு வந்து என் தலைப்பக்கத்துக் கதவடியில் உட்கார்ந்தாள். எனக்குச் சாறு ஊட்டியபடி கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறு வருசத்துக்கு முன்ன நான் ஸ்கூல் வேன் ஓடினன் டீச்சர். என்ட புருசன் கட்டாருக்குப் போகக்குள்ள விட்டிட்டுப் போன வேன்தான். ஒரு நாள் புள்ளைகள் எல்லாரையும் பொத்துவில் பக்கம் சுற்றுலா கூட்டிப் போனன். பன்னெண்டு பேர் போற வேனுல பதினாறு புள்ளைகள். சின்னப் புள்ளைகள்தானே எண்டு நினைச்சன். சில்லப் பாக்கவே இல்ல. கோமாரி தாண்டிப் போகக்குள்ள பின் டயர் வெடிச்சிட்டு. வேன் ரோட்ட விட்டு இறங்கி மணலுக்குள்ள போய் நிண்டிச்சி. அல்லாஹ் காப்பாத்தினான். ஆனா ஒரு புள்ளைக்குக் கை உடைஞ்சிட்டு. பேர் ஸம்றா. ஒம்பது வயசு.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

“எல்லாரும் டயர் பழசு, ரோட்டு சரியில்ல, விதி எண்டாங்க. அந்தப் புள்ளைட உம்மாகூட என்னை ஏசல்ல. எனக்குத்தான் தூக்கம் வரல்ல. ஏன் வெடிச்சிச்சு எண்டு தெரியாம மறுகா ஸ்டியரிங்கத் தொடமாட்டன் எண்டு இருந்தன். டயர் கடைகளுக்குப் போய்க் கேட்டா, வேன் எண்டா அம்பது அடிங்க எண்டு ஒருத்தர் சொல்றார், முப்பதுல விடுங்க எண்டு இன்னொருத்தர் சொல்றார். மறுகாதான் கதவுல ஒட்டியிருந்த இத வாசிச்சன். அஞ்சு வருசமாக் கதவத் திறந்து பூட்டியிருக்கன், ஒரு நாளும் வாசிச்சதில்ல.”

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை பேர், எவ்வளவு பாரம், காற்று எவ்வளவு, சூட்டில் எவ்வளவு ஏறியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தாளாம். இரண்டு கொப்பி நிறைந்துவிட்டதாம். வெட்கத்தோடுதான் சொன்னாள். என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி இப்படி அவதானித்து எழுதியிருந்தால் நான் அந்தக் கொப்பியைப் பாடசாலை முழுக்கக் காட்டியிருப்பேன்.

ஒன்றரை மணிக்கு மறுபடி புறப்பட்டோம். மஹாஓயா தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் காடு. மூன்றேகால் இருக்கும், வேன் மெதுவாகிற மாதிரி இருந்தது.

“டீச்சர், முன்னுக்கு ஒரு வேன் நிக்கிது. சனம் றோட்டுல நிக்கிது. பொம்புளைகள் கையக் காட்டுறாங்க. நிப்பாட்டட்டா?”

“நிப்பாட்டுங்க” என்றேன்.

மற்றதெல்லாம் திறந்த கதவு வழியாகக் கேட்டும், கணவர் சொல்லியும் அறிந்தேன். அது ஆலையடிவேம்பிலிருந்து மாத்தளையில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பி வந்த வேன். பதினாலு பேர், பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. பின் இடது டயர் வெடித்துக் கிழிந்து தொங்கியது. போயா நாளென்பதால் வந்த பஸ் இரண்டும் நிறைந்து, நிற்காமலே போய்விட்டன. ஓட்டுநர் தம்பிமுத்து ஐம்பத்தைந்து வயதுக்காரர். ஜாக்கி வைத்து வேனைத் தூக்கி, கிழிந்த சில்லைக் கழற்றி, ஸ்பெயார் சில்லை மாட்டத் தயாராக நின்றார்.

ஸுலைஹா இறங்கிப் போய் அந்த ஸ்பெயாரை விரலால் அமுக்கினாள். கேஜை வைத்தாள்.

“அண்ணன், இதுல பன்னெண்டுதான் கிடக்கு.”

“பம்பு ஒண்டும் இல்லியே புள்ள. மெதுவா உருட்டிக்கொண்டு அம்பாறைக்குப் போனாக் காத்து அடிக்கலாம். அங்க எனக்குத் தெரிஞ்ச டயர் கடை இருக்கு, போயாவெண்டாலும் திறப்பான்.”

“இதோட பதினாலு பேர ஏத்தினா ரெண்டு மைல் போகாது அண்ணன். என்ட ஸ்பெயார் உங்களுக்கு வருமா எண்டு பாப்பம்.”

தன் ஸ்பெயாரை உருட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தாள். ஆணித் துளைகள் பொருந்தவில்லை. திரும்ப உருட்டி வந்து ஏற்றினாள். பற்றரியில் வேலை செய்கிற சின்னப் பம்பு ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள்.

“நல்லதாப் போச்சு. அம்பது அடி புள்ள, இறுக்கமா ஓடட்டும்” என்றார் தம்பிமுத்து.

“பக்கத்துல பாருங்க அண்ணன், வெடிப்பு ஓடியிரிக்கி. பன்னெண்டு வருசத்து டயர். அம்பது அடிச்சாலும் இது முழுப் பாரத்தத் தூக்காது. காத்தக் கூட்டிப் பிரயோசனமில்ல, பாரத்தத்தான் குறைக்கணும்.”

தம்பிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பது வருசம் ஓடுறன் நான். லொறி, பஸ், றக்டர் எல்லாம் ஓடியிருக்கன். இந்த நடுக்காட்டுல ஆர இறக்கி விடச் சொல்ற நீ? இன்னும் கொஞ்சத்தில யானை இறங்கிற இடம் இது.”

“இறக்கி விடச் சொல்லல்ல அண்ணன். நான் ஏத்துறன்.”

அவர் நிமிர்ந்து எங்கள் வேனைப் பார்த்தார். ஸுலைஹா எங்கள் வேனுக்கு வந்தாள். என் தலைப்பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். முகம் முழுக்க வியர்வை.

“டீச்சர், என்ட பின் சீட்டுல நாலு பேரும் முன்னுக்கு ஒருவரும் இரிக்கலாம். அஞ்சு பேர எடுத்தா அவரிட டயர் அம்பாறை வரைக்கும் தாங்கும். ஆனா அஞ்சு பேர ஏத்தினா நான் பின் சில்லுக்குக் காத்தக் கூட்டணும். காத்தக் கூட்டினா உங்களுக்குக் குலுங்கும், வலிக்கும். இது உங்களுக்காகப் பேசின ஓட்டம். நீங்க ஏலா எண்டா நான் பம்ப மட்டும் அடிச்சிக் குடுத்திட்டு வாறன். அம்பாறையில சொல்லி வேற வண்டி அனுப்புவம்.”

என் கணவர் குறுக்கே வந்தார். “தங்கச்சி, டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமா? ஒரு ஆணி அசைஞ்சா மறுகா வெட்டணும். பாவம்தான், நானும் இல்லண்டு சொல்லல்ல. ஆனா இவட நிலமையப் பாருங்க.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் பயம்தான். அந்தப் பதினெட்டு நாள் வலி என்னவென்று எனக்குத்தான் தெரியும். வெளியே ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தமும், “இல்லடா கண்ணா, போயிடுவம்” என்று அதன் தாய் சொல்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

“எவ்வளவு கூட்டணும்?” என்று கேட்டேன்.

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டேன் போல.

“பத்துக் கூட்டினா அது பன்னெண்டு பேர் கணக்கு. அவ்வளவு தேவையில்ல. இப்ப நிண்டதுல கொஞ்சம் ஆறி முப்பத்தெட்டுக் காட்டுது. அதுக்கு மேல இன்னும் அஞ்சு. அஞ்சு போதும். வேகம் நாப்பதுக்கு மேல போகமாட்டன். குழியெல்லாம் சுத்திப் போவன். வலி கூடினா ஒரு சொல்லுச் சொல்லுங்க, நிப்பாட்டிடுவன்.”

“ஏத்துங்க” என்றேன். கணவர் பம்பின் வயரைப் பிடித்துக்கொடுக்க இறங்கிப் போனார்.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஸுலைஹா ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு கலியாணச் சேலையோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும், “அக்கா, நீங்க எத்தின கிலோ?” என்று கேட்டாள். சிலர் சொன்னார்கள், சிலர் பத்துக் கிலோ குறைத்துச் சொன்னார்கள். செல்லத்தங்கம் என்று ஒரு அம்மா மட்டும், “எனக்கு அதெல்லாம் தெரியா மகள். ஒரு நெல்லு மூட்டைக்கு மேல வரும். என்னையே ஏத்து” என்றார். பாரம் கூடிய ஐந்து பேரை எடுத்தாள். குழந்தைகளையும் தாய்மாரையும் தம்பிமுத்துவின் வேனில் முன் வரிசைகளுக்கு மாற்றி, அதன் கடைசிச் சீட்டை வெறுமையாக்கினாள். பலகாரப் பெட்டிகளையும் பைகளையும் தன் முன் சீட்டின் காலடியில் அடுக்கினாள். பழைய ஸ்பெயாருக்கு எவ்வளவு அடிப்பதென்று இருவரும் குந்தியிருந்து கதைத்தார்கள். அதன் பக்கத்தில் பொறித்திருந்த எழுத்தை அவள் வாசித்துக் காட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் வாசித்தார். “அம்பதுக்கு இது விடாதுதான்” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் வேன் முன்னால், அவருடையது பின்னால். அவர் அவசரப்பட்டு வேகம் கூட்டிவிடக் கூடாதென்றுதான் அவள் முன்னால் போனாள்.

வித்தியாசம் முதல் பாலத்திலேயே தெரிந்தது. காலையில் மெத்தென்று ஏறி இறங்கிய வண்டி இப்போது ஒரு தட்டுத் தட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது தட்டில் கண்ணீர் வந்துவிட்டது. பின் சீட்டில் என் காலடியில் செல்லத்தங்கம் இருந்தார். அவர் குனிந்து என் இரண்டு கணுக்காலையும் தன் உள்ளங்கைகளால் பிடித்துக்கொண்டார். உடம்பு சறுக்காமல் நின்றது. கலியாணத்துக்குப் பூசிய சந்தனம் அவர் கையில் மணத்தது. “நான் கைய எடுக்கமாட்டன் மகள், நீங்க கண்ண மூடுங்க” என்றார். அம்பாறை வரும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

நாலைந்து கிலோமீட்டர் போனபிறகு ஸுலைஹா மெல்ல வேனை நிறுத்தினாள். யாரும் சத்தம் போட வேண்டாம் என்றாள். எனக்குத் தெரிந்தது யன்னலில் ஒரு பெரிய காதும், மண் அப்பிய முதுகும்தான். யானை ரோட்டைக் கடந்து எங்கள் பக்கமாக ஒரு முறை திரும்பி நின்றுவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. பின் சீட்டில் ஒரு பெண், “பதினாலு பேரும் அங்கயே நிண்டிருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அம்பாறையில் அந்த டயர் கடை திறந்திருந்தது. தம்பிமுத்து ஸ்பெயாரைக் கழற்றிப் புது டயர் போட்டார். ஐந்து பேரும் இறங்கித் தங்கள் வேனில் ஏறினார்கள். செல்லத்தங்கம் இறங்குமுன் என் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார். தம்பிமுத்து எங்கள் கதவடிக்கு வந்தார். “டீச்சர், உங்கட புண்ணியம்” என்றார். பிறகு ஸுலைஹாவைப் பார்த்து, “தங்கச்சி, அந்தக் கேஜ் எங்க வாங்கின நீங்க?” என்று கேட்டார். ‘புள்ள’ என்றும் ‘நீ’ என்றும் கதைத்த வாயில் ‘தங்கச்சி’யும் ‘நீங்க’வும் வந்ததை நான் கவனித்தேன்.

அவர்கள் போனபிறகு நாங்களும் புறப்படுவோம் என்று நினைத்தேன். மணி ஐந்தேகால். மழை இருட்டும் கட்டியிருந்தது. மருதமுனைக்கு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் கூட இல்லை, ரோட்டும் நல்ல ரோட்டு. ஆனால் ஸுலைஹா மறுபடி பின் சில்லடியில் குந்திவிட்டாள்.

“இனி என்ன தங்கச்சி? இம்புட்டுத் தூரம்தானே. அப்பிடியே விடுங்க” என்றார் என் கணவர்.

“இறங்கினது அஞ்சு பேர், காக்கா. டீச்சர் இன்னும் இறங்கல்லியே” என்றாள் அவள்.

கூட்டிய ஐந்தைத் திரும்ப எடுத்தாள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணவர் பக்கத்தில் குந்தியிருந்து கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணித்தியாலமாக ஓட்டி, முன்பின் தெரியாத பதினாலு பேருக்காக ரோட்டில் முழந்தாளிட்டு, களைத்துப் போயிருக்கிற ஒருத்தி, கடைசி அரை மணித்தியாலத்துக்காக மறுபடி குந்துகிறாள். ‘பரவாயில்லை’ என்று விட்டிருந்தாலும் அவளை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என் தொழிலில் நான் எத்தனை தரம் கடைசிப் பாடத்தைப் ‘பரவாயில்லை’ என்று விட்டிருக்கிறேன் என்று யோசித்தேன்.

காரைதீவுச் சந்தியில் திரும்பியபோது கடற்காற்று அடித்தது. மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்கிற நேரத்தில் வீட்டு வாசலில் நின்றோம். அயல் வீட்டு ஆண்கள் நாலு பேர் வந்து என்னை ஒட்டுப்பலகையோடு தூக்கினார்கள். “ஒரே உயரத்துல தூக்குங்க, தலைப்பக்கம் சரிக்காதீங்க” என்று ஸுலைஹா கூடவே நடந்து வந்தாள். கட்டிலில் கிடத்தியதும் குழாயடியில் கை கால் கழுவித் தொழுதாள். தேத்தண்ணி குடித்தாள். அடுத்த நாள் காலையில் நற்பிட்டிமுனையிலிருந்து நாலு கர்ப்பிணிப் பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லி, இருக்கச் சொன்னதையும் கேட்காமல் போய்விட்டாள்.

ஐந்து கிழமை கழித்துக் கண்டிக் கிளினிக்கில் படம் எடுத்தார்கள். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆணிகள் ஒன்றும் அசையவில்லை, எலும்பு நன்றாகப் பொருந்தி வருகிறது, இனி எழும்பி நடக்கப் பழகலாம் என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் நான் முதலில் செய்தது ஸுலைஹாவுக்கு அழைத்ததுதான். அந்தக் கிழமை அவளுக்கு வேறு ஓட்டம் இருந்ததால் நாங்கள் வேறு வண்டியில் போயிருந்தோம்.

முதலில் அவள் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்ப அழைத்தாள். நான் டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ், டீச்சர்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் கணவர், “என்னவாம்? என்ன சொல்றா?” என்று கேட்டார். அவள் அழுகிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.